யானை எங்கே நிற்கிறது? வால்பாறையில் உயிர் காக்கும் ஒரு வரிச் செய்தி!

மாலை ஆறு மணிக்கு வால்பாறை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய தலைப்புச் செய்தி எது தெரியுமா? தங்கம் விலை அல்ல, தேர்தல் கூட்டணியும் அல்ல. 'நம்ம எஸ்டேட் பக்கம் இன்னிக்கு யானை நிக்குதா?' என்பதுதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீடு வந்துவிடாது. மெயின் ரோட்டிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ நடந்தால்தான் லைன் வீடுகள் வரும். கையில் மாதச் சாமான் பை, தோளில் தூங்கிவிட்ட குழந்தை. மூடுபனி இறங்கிவிட்டால் இருபதடி தூரத்தில் கறுப்பாகத் தெரிவது பாறையா யானையா என்று கண்டுபிடிக்க முடியாது. யானை நினைத்தால் சத்தமே இல்லாமல் நிற்கும்.

அந்த வளைவில் யானை நிற்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால், டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடலாம். நாலு பேராகச் சேர்ந்து ஜீப் பிடிக்கலாம். தெரியாமல் போனால்..?

மனிதர்களும் காட்டு விலங்குகளும் ஒரே மலையில் எப்படி வாழ்வது என்ற பெரிய கேள்விக்கு, வால்பாறை கண்டுபிடித்த விடை இந்தச் சின்ன விஷயத்தில்தான் இருக்கிறது.

காட்டுக்கு நடுவே ஒரு தேயிலைத் தீவு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலம் முழுக்கத் தேயிலை, கொஞ்சம் காபி, ஏலக்காய். ஆனால், மேப்பில் பார்த்தால் இது ஒரு தீவு என்பது புரியும். ஒருபக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், மறுபக்கம் கேரளத்தின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் வாழச்சால் காடுகள். சுற்றிலும் காடு, நடுவில் தோட்டங்களும் மனிதர்களும்.

மலைக்குப் பெயரே ஆனைமலை. 1890-களில் ஆங்கிலேயர்கள் இங்கே தோட்டம் போடத் தொடங்கியபோது, மழைக்காட்டை வெட்டித்தான் தேயிலையும் காபியும் நட்டார்கள். அதற்காக சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களை மலையேற்றினார்கள். அந்தத் துயரக் கதையைத்தான், இங்கே டாக்டராகப் பணியாற்றிய பி.எச்.டேனியல் 'ரெட் டீ' என்ற நாவலாக எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு'. இயக்குநர் பாலாவின் 'பரதேசி' படம் அதிலிருந்து வந்ததுதான்.

காடு மொத்தமாக அழிந்துவிடவில்லை. வெட்டாமல் விட்ட 40-க்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள், தோட்டங்களுக்கு நடுவே இன்னும் மிச்சமிருக்கின்றன. சில துண்டுகள் ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுதான். சில நூற்றுக்கணக்கான ஏக்கர். நடு ஆறும் சோலையாறும் ஓடும் வழிகளில் கரையோரமாக மரங்களும் புதர்களும் உண்டு. பகலில் யானைகள் ஓய்வெடுப்பது பெரும்பாலும் இந்த நிழல்களில்தான். இருட்டத் தொடங்கியதும் அடுத்த துண்டுக் காட்டுக்குக் கிளம்பும். நடுவில் இருக்கும் தேயிலைத் தோட்டம் அவற்றைப் பொறுத்தவரை நடந்து கடக்க வேண்டிய ஒரு வெட்டவெளி.

'ஊருக்குள் புகுந்த யானை' என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். வால்பாறையில் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுத வேண்டும். பாட்டி காலத்திலிருந்து நடந்த வழியில்தான் அந்த யானைக் கூட்டம் நடக்கிறது. வழியில் ஊர் வந்து 130 வருடங்கள்தான் ஆகின்றன. அதேநேரம், அந்த ஊரில் நாலு தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்களை 'நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள்?' என்றும் கேட்க முடியாது. இரண்டு பேருக்கும் போக வேறு இடம் இல்லை. வால்பாறையின் சிக்கல் இதுதான்.

தெரியாமல் போனதுதான் ஆபத்து

1990-களின் நடுவில் தொடங்கி அடுத்த இருபது ஆண்டுகளில், வால்பாறை மேட்டுநிலத்தில் யானை தாக்கி இறந்தவர்கள் சுமார் 40 பேர். இப்படி ஓர் உயிர் போகும்போதெல்லாம் மறியல் நடக்கும். 'யானையை விரட்டு' என்று குரல் எழும். பட்டாசு வெடிப்பார்கள், கல் எறிவார்கள். மிரண்ட யானைக் கூட்டம் சிதறி, அடுத்த எஸ்டேட்டில் எதிர்பாராத இடத்தில் போய் நிற்கும். அங்கே இன்னொரு விபத்து நடக்கும்.

2000-களின் தொடக்கத்திலிருந்து இங்கே யானைகளைக் கவனித்துவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் ஆராய்ச்சியாளர் எம்.ஆனந்தகுமாரும் குழுவினரும், இந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு, இறந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தார்கள். கிடைத்த விடை மிக எளிமையானது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு, அந்த இடத்தில் யானை இருப்பதே தெரியாது!

அவர்கள் யானையைச் சீண்டவில்லை. யானையும் அவர்களைத் தேடி வரவில்லை. இருட்டில், மழையில், பனியில், வளைவில் இரண்டு பேரும் திடீரென்று நேருக்கு நேர் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால், யானையைத் துரத்துவதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. யானை எங்கே இருக்கிறது என்று மனிதர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கேபிள் டி.வி முதல் சிவப்பு விளக்கு வரை

முதலில் கையில் எடுத்தது கேபிள் டி.வி-யை. யானைகளைப் பின்தொடரும் களப்பணியாளர்கள் அவை நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். மாலை நேரத்தில் உள்ளூர் சேனலில் திரையின் அடியில் ஒரு வரி ஓடும், இன்ன எஸ்டேட்டில் இன்ன இடத்துக்கு அருகில் யானைகள் உள்ளன என்று. சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம், படிக்க வேண்டியதைப் படித்துவிடும். வேலை முடிந்து இன்னும் வராதவருக்கு ஒரு போன் போட்டுவிடும்.

ஆனால், நடந்து வந்துகொண்டிருப்பவர் டி.வி முன்னால் இருக்க மாட்டாரே? செல்போன் எல்லோர் கைக்கும் வந்த பிறகு, 2011 முதல் எஸ்.எம்.எஸ் அனுப்பத் தொடங்கினார்கள். யானை நிற்கும் இடத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்கு மட்டும் செய்தி போகும். தினமும் எல்லோருக்கும் அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்பது, நோட்டிஃபிகேஷன்களைத் தள்ளிவிட்டுப் பழகிய நமக்கு நன்றாகவே தெரியும். தனக்கு வந்த செய்தி தன்னைப் பற்றியது என்றால்தான் நம்பிக்கை வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தமிழில் குரல் பதிவு அழைப்புகளும் சேர்ந்தன.

மூன்றாவதாக வந்தது சிவப்பு விளக்கு. மக்கள் நடமாடும் முக்கியமான சந்திப்புகளில் உயரமான கம்பங்களில் சிவப்பு எல்.இ.டி விளக்குகளைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிம் கார்டு. பதிவுசெய்யப்பட்ட எண்ணிலிருந்து அதற்கு போன் செய்தால் விளக்கு எரியத் தொடங்கும். பக்கத்தில் யானை இருக்கிறது, கவனம் என்று அர்த்தம். தூரத்து வளைவிலிருந்தே தெரியும். எழுத்தறிவோ ஸ்மார்ட்போனோ சிக்னலோ தேவையில்லை. கண் தெரிந்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் இந்த விளக்குகளைப் பெரும்பாலும் ஆராய்ச்சிக் குழுவே இயக்கியது. போகப் போக எஸ்டேட் மக்களே இயக்க ஆரம்பித்தார்கள். யானையை முதலில் பார்க்கிறவர், பக்கத்து லைன்காரருக்காக விளக்கைப் போட்டுவிடுகிறார். 'மேல் லைன் பக்கம் யானை நிக்குதுங்கண்ணா, சுத்தி வாங்க' என்று ஒரு போன், கூடவே விளக்குக்கு ஒரு போன். தன் வீட்டுக்காரர் திரும்பிவிட்ட பிறகும், அடுத்த வீட்டுக்காரர் இன்னும் வரவில்லையே என்று நினைக்கிற மனதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பேட்டரி.

யானை தாக்கி நேரும் மரணங்கள் குறைந்தன. இந்தப் பணிக்காக 2015-ல் ஆனந்தகுமாருக்கு பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது. ஆனாலும், 'பிரச்னை தீர்ந்துவிட்டது' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. எச்சரிக்கை தவறிய ஒரு ராத்திரி போதும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

யானை தேடி வருவது தேயிலையை அல்ல

யானை தேயிலையைத் தின்னாது. பிறகு ஏன் சுவரை இடிக்கிறது? அரிசிக்காக. ரேஷன் கடை, சத்துணவுக்கூடம், மளிகைக்கடை, வீட்டுச் சமையலறை என்று அரிசி, பருப்பு, உப்பு இருக்கும் இடம்தான் குறி. காட்டில் நூறு கிலோவுக்கு மேல் புல்லும் இலையும் தேடித் தின்ன வேண்டிய ஜீவனுக்கு, ஒரே அறையில் மூட்டை மூட்டையாக அரிசி என்பது எவ்வளவு பெரிய விருந்து!

அதனால்தான், அரிசியை ஓரிடத்தில் குவித்துவைக்காமல் வண்டியில் கொண்டுபோய் விநியோகிக்கும் நடமாடும் ரேஷன் கடை யோசனை இங்கே வந்தது. ஓடு உடைந்த வீட்டைச் சரிசெய்ய ஒரு தொழிலாளிக் குடும்பம் படும் பாட்டை நினைத்தால், இது சின்ன விஷயமல்ல. உயிர் போகவில்லை என்பதற்காக நஷ்டம் இல்லையென்று ஆகிவிடாது. நள்ளிரவில் சமையலறைச் சுவர் விழும் சத்தம் கேட்டு, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போய், 'யானையும் பாவம்தானே' என்று சொல்லிவிட முடியாது. அவரே அதைச் சொன்னால் அது வேறு. வால்பாறையில் அப்படிச் சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சர்யம்.

ரோட்டைக் கடக்கும் சோலைமந்தி

யானையைப்போலவே காடு துண்டானதால் தவிக்கும் இன்னொரு ஜீவன் சோலைமந்தி. முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். சிங்கவால் குரங்கு என்றால் சட்டென்று புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இது கிடையாது. 1970-80-களில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காப்பாற்ற நடந்த போராட்டத்தின் முகமாக இருந்ததும் இந்தக் குரங்குதான்.

சோலைமந்தி மரத்திலேயே வாழும். வெடிப்பலா, காட்டு அத்தி என்று உச்சிக்கிளைகளிலேயே சாப்பாடு. தரையில் கால் வைக்கத் தேவையில்லாத வாழ்க்கை. ஆனால், வால்பாறை டவுனை ஒட்டியுள்ள புதுத்தோட்டம் காட்டுத்துண்டில், மரங்களுக்கு நடுவே ரோடு போகிறது. கிளைகள் தொட்டுக்கொள்ளாத இடத்தில் குரங்குகள் தரைக்கு இறங்கின. வண்டிகளில் அடிபட்டன. சுற்றுலாப் பயணிகள் வீசும் சிப்ஸுக்கும் பிஸ்கட்டுக்கும் பழகின. பிறகு வீட்டுக் கூரைகளையும் சமையலறைகளையும் தேடிப் போயின. சோலைமந்தி தாய் ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ரோட்டில் போகும் ஒவ்வோர் உயிரும் அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கும் எளிமையான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தீயணைப்புக்குப் பயன்படுத்திய பழைய ஹோஸ் குழாய்களைக் கட்டி, ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் போட்டார்கள். குரங்குகள் அவற்றில் நடந்து போகின்றன. ரோட்டோரத்தில் நின்று வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்லக் காவலர்களும் உண்டு.

பாலம் அவசரத்துக்கு, காடுதான் நிரந்தரம். ஆராய்ச்சியாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தேயிலை கம்பெனிகளின் வசமுள்ள சிதைந்த காட்டுத்துண்டுகளில், களைகளை அகற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வகை மழைக்காட்டு மரங்களை நட்டுவருகிறார்கள். இரவில் பழம் தின்று விதைகளைப் பரப்பும் பழுப்பு மரநாயும் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது!

சிறுத்தையும் அந்தி நேரமும்

யானைக்குச் சிவப்பு விளக்கு போடலாம். சிறுத்தைக்கு? அது கண்ணிலேயே படாது. வால்பாறையில் சிறுத்தைகளின் எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்ததில், அவற்றின் உணவில் பெரும்பகுதி காட்டு விலங்குகள்தான், வீட்டு ஆடு மாடுகள் மிகக் குறைவு என்று தெரியவந்தது. மனிதர்களை ஒதுங்கித்தான் வாழ்கிறது. ஆனாலும், அந்தி இருட்டில் வீட்டு வாசலில் விளையாடும் சிறு குழந்தை விஷயத்தில் அந்தக் கணக்கு சில நேரம் தப்பிவிடுகிறது. அந்த ஒரு தடவை ஒரு குடும்பத்துக்கு எல்லாமே முடிந்துபோகிறது.

'கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுங்கள்' என்பதுதான் உடனே எழும் கோரிக்கை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் அப்படிப் பிடித்து விட்டபோது, விடப்பட்ட இடங்களுக்கு அருகே தாக்குதல்கள் அதிகமானதை ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயா பதிவுசெய்திருக்கிறார். பழகிய இடத்தை இழந்த சிறுத்தை, பழகாத இடத்தில் இன்னும் பதற்றமாகிறது.

பலன் தருவது கேட்கச் சாதாரணமாக இருக்கும் வேலைகள்தான். வீட்டைச் சுற்றிப் புதர் மண்டாமல் வைத்திருப்பது, லைனுக்குத் தெரு விளக்கு, வீட்டோடு கழிப்பறை, இறைச்சிக் கழிவை வெளியே கொட்டாமல் இருப்பது, அந்தியில் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது. இவற்றில் பாதி, தொழிலாளி தானாகச் செய்துகொள்ள முடியாதவை. லைன் வீடு அவருடையதல்ல, எஸ்டேட்டுடையது. விளக்கும் கழிப்பறையும் நிர்வாகமும் அரசும் தர வேண்டியவை. வனவிலங்குப் பாதுகாப்பு என்றால் காட்டுக்குள் நடப்பது மட்டும்தான் என்று நினைத்தால், இந்த பல்புகள் கணக்கில் வராமலே போய்விடும்.

புதிதாக வந்தவர்களுக்கு யார் சொல்வது?

காடு மட்டுமல்ல, வால்பாறையின் மனிதர்களும் மாறிவருகிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 95 ஆயிரமாக இருந்த வால்பாறையின் மக்கள்தொகை, 2011-ல் சுமார் 71 ஆயிரமாகக் குறைந்தது. தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்து கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன.

நூறு வருடங்களுக்கு முன்பு திருநெல்வேலியிலிருந்து மலையேறியவர்களைப்போலவே இவர்களும் ஏழைகள். இந்தக் காட்டுக்குப் புதியவர்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் யானை ஒதுங்கும், எந்த வாசனை வந்தால் நின்றுவிட வேண்டும், எத்தனை மணிக்கு மேல் பிள்ளையை வாசலில் விடக்கூடாது என்பதெல்லாம் நாலு தலைமுறை சேர்த்துவைத்த அறிவு. ஊரைவிட்டுப் போனவர்களோடு அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. 2025-ல் வால்பாறை எஸ்டேட்களில் சிறுத்தையிடமும் கரடியிடமும் சிக்கி இறந்த குழந்தைகளில், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தமிழில் ஓடும் வரி அவர்களுக்குப் புரியாது. சிவப்பு விளக்குக்கு மொழி தேவையில்லை என்றாலும், அது ஏன் எரிகிறது என்று யாராவது ஒருமுறை சொல்லித்தர வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சைகையில் சொன்னால்கூடப் போதும். ஆனால், சொல்ல வேண்டும்.

வால்பாறைக்குப் போகிறீர்களா?

* மாலைக்குள் தங்கும் இடம் போய்ச் சேருங்கள். இரவில் எஸ்டேட் ரோடுகளில் 'யானை பார்க்க' சுற்றுவது, அடுத்த நாள் அதே ரோட்டில் நடக்கப் போகிறவரின் உயிரோடு விளையாடுவது.

* யானையோ காட்டுமாடோ ரோட்டில் நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன், ஃப்ளாஷ், கூச்சல் வேண்டாம். மிரட்டப்பட்ட யானையின் கோபம் பெரும்பாலும் உங்கள்மேல் அல்ல, அதற்குப் பிறகு வருகிறவர்மேல்தான் இறங்கும்.

* சோலைமந்திக்கு எதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் வீசும் ஒரு பிஸ்கட், அதை ரோட்டுக்கு இறங்கப் பழக்குகிறது.

* புதுத்தோட்டம் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். தலைக்கு மேலே குழாய்ப் பாலம் தெரிந்தால், கீழே குட்டிகளும் இருக்கலாம்.

* சிவப்பு விளக்கு எரிந்தால் இறங்கி செல்ஃபி எடுக்காதீர்கள். அது உள்ளூர் மக்களுக்கான எச்சரிக்கை, இப்போது உங்களுக்கும்தான்.

உடன் வாழ்வது என்பதை அன்பு, கருணை என்றெல்லாம் பெரிய வார்த்தைகளில் சொல்வது எளிது. வால்பாறையில் அது அன்றாட வேலை. யாரோ ஒருவர் மழையில் நனைந்துகொண்டு யானைக் கூட்டத்தைப் பின்தொடர்கிறார். யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில் விளக்குக்கு போன் போடுகிறார். யாரோ ஒருவர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பெண்ணிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், 'இதர் ஹாத்தி, மத் ஜா' என்கிறார். இந்த மூன்றில் ஒன்று நின்றுபோனாலும், அந்த இருட்டு வளைவில் மனிதரும் யானையும் மறுபடி நேருக்கு நேர் வந்துவிடுவார்கள்.